கூரையில்லாத ஷோகேஸ்

வரவேற்பறை ஷோகேஸைத் துடைக்கும்போது அந்த ஜோடி அன்னத்தை மட்டும் கடைசியில்தான் எடுப்பேன். பீங்கான் அன்னங்கள், கழுத்தோடு கழுத்து சேர்த்து நிற்கும். என் சின்னம்மாவின் கல்யாணத்துக்குப் பரிசாக வந்தவை.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் வாங்கி, கலர் பேப்பர் சுற்றி அன்று மேடைக்கு வந்தவற்றில் பாதி சுவர்க் கடிகாரம். எங்கள் சனத்துக்கு மணி பார்க்கவே வழியில்லை என்று யார் சொன்னார்களோ! மீதி ராதாகிருஷ்ணர், கண்ணாடிப் பெட்டிக்குள் தாஜ்மகால், இந்த அன்னங்கள். சின்னம்மா ஒன்றையும் வெளியே வைக்கவில்லை. "கூர வூட்ல வெச்சா பொக அடிச்சிடும்டி. மாடி வூடு கட்டி ஷோகேஸ்ல வெப்பேன். அன்னம் நடுத்தட்டுல" என்பாள். எல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டிலடிக்குப் போயின. பொங்கலுக்குப் பொங்கல் எடுத்துத் துடைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைப்பாள். சித்தப்பாவும் அவளும் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டினார்கள். அந்தப் பெட்டியைத் திறந்தால் போதும், உடம்பு வலியெல்லாம் மறந்துபோகும் அவளுக்கு.

ஒருவழியாக அரசாங்கத் தொகுப்பு வீடு கிடைத்தது. கூரை வீட்டுக்குப் பின்னால் சுவர் எழும்போதே ஷோகேஸ் வேண்டும் என்று மேஸ்திரியிடம் மல்லுக்கு நின்றாள். "மொதல்ல மேல மூடற வழிய பாரும்மா, பொம்மைக்கு இன்னா அவசரம்?" என்றார் அவர். "அதுக்குத்தான் வூடே கட்றேன்" என்றாள். சுவரில் மூன்று தட்டு வைத்துப் பூசினார்கள். அந்த மாதமே, லாரியில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்த சித்தப்பா ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பு போய்விட்டது. படுத்தவர் எழவேயில்லை. வீடும் சுவரோடு நின்றுவிட்டது.

என் புதுமனை புகுவிழாவுக்கு சின்னம்மா புதுக் கலர் பேப்பரில் அன்னங்களைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "இன்னா சின்னம்மா, இது ஒன் ஷோகேஸுக்கு வெச்சிருந்ததாச்சே!" என்று கத்தியேவிட்டேன்.

"வருசா வருசம் தொடச்சி கை ஓஞ்சிபோச்சிடி. இனிமே நீ தொடச்சிக்கோ."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தானே என் ஷோகேஸுக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினாள்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். இன்னும் அதே கூரை வீடு, கட்டிலில் சித்தப்பா. கட்டிலடியில் பெட்டியைக் காணோம். "ஊர்ல கல்யாணமா இல்ல? ஒவ்வொண்ணா குடுத்துட்டேன்" என்றாள். கைகழுவப் பின்பக்கம் போனேன். வெயிலிலும் மழையிலும் கறுத்துப்போய் அந்தச் சுவர் நின்றது. இப்போது என் வீட்டில் இருக்கும் அன்னங்களுக்காக அவள் குறித்து வைத்திருந்த நடுத்தட்டில், சாக்கின்மேல் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.