கிழவனின் மரண அறிவிப்பு

அண்ணனும் நானும் மூன்று வருடமாக மிண்டுவதில்லை. எங்கள் பக்கத்தில் பேசுவதற்குத்தான் மிண்டுவது என்பார்கள். அப்பா போன பிறகு சொத்தைப் பிரித்தபோது கிணறு அண்ணன் பங்கில் போனது, கிணற்றுக்குப் போகும் வழி என் பங்கில் வந்தது. இப்படி அளந்த சர்வேயரைச் சும்மா விட்டுவிட்டு நாங்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டோம். நான் வழியில் வேலி கட்டினேன். அண்ணன், இனி இந்த முற்றத்தைச் சவிட்டாதே, கால் வைக்காதே என்றான். நானும் சவிட்டவில்லை. பாறசாலையில் அவன் வீடு, நெய்யாற்றின்கரைப் பக்கம் என் வீடு, பஸ்ஸில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை இரண்டு பேரும் தாண்டவில்லை.

ஆனால் தினமும் சண்டை போட்டோம். போனில் ஒரு குரூப் உண்டு. இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாம் அதில்தான் இருக்கிறோம். அம்பூரியில் ரப்பர் வெட்டுகிறவர், பாலராமபுரத்தில் சேலைக்கடையில் நிற்கிறவர், கல்லூரிப் பிள்ளைகள், நான், அண்ணன். எழுதுவது பாதி மலையாளம், பாதி தமிழ். திட்டுவதற்கு எது வசதியோ அது. கிளப்புகளின் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, நிறத்தை வைத்துத்தான் சொல்வோம். நான் சிவப்பு. அண்ணன் நீலம். அவன் கல்ஃபில் வெல்டிங் வேலை பார்த்த காலத்தில் அறைத் தோழனோடு டிவி பார்த்து நீலமானவன். நான் சிவப்பானதற்கு அண்ணன் நீலம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

அந்த நீலத்துக்கு எங்கள் குரூப்பில் கிழவன் என்று பெயர். அது ரொம்பப் பழைய கிளப். நான் பார்த்து ஒரு கோப்பையும் ஜெயித்ததில்லை, ஆனால் கீழ் டிவிஷனுக்கு விழுந்ததும் இல்லை. வருடா வருடம் கடைசி வாரத்தில் எப்படியோ கரையேறிவிடும். கிழவன் இருமுவான், சாகமாட்டான் என்று அண்ணன் எழுதுவான். கிழவனுக்குக் கஞ்சி கொடுங்கள் என்று நான் எழுதுவேன். தோற்ற மறுநாள் காலையில் என் போன் சும்மா இருந்தால் எனக்கு வேலை ஓடாது. அவன் தோற்றால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன், நான் தோற்றால் அவன். வீட்டில் விசேஷம், பிள்ளைக்குக் காய்ச்சல், அண்ணன் மனைவி மைனிக்கு ஆபரேஷன் எதுவும் எங்களுக்குள் பேச்சில்லை. கிழவனும் சிவப்பும் மட்டும்தான் பேச்சு.

இந்த வருடம் கிழவனுக்கு உண்மையிலேயே முடியாமல் போனது. மே மாதம் வந்தபோது கீழிருந்து நான்காவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். கடைசி மூன்று கிளப்புகள் கீழே போக வேண்டும். குரூப்பில் ஒரே கணக்கு. அவன் தோற்று இவன் ஜெயித்தால், இவன் சமனிலை ஆகி அவன் இரண்டு கோல் வாங்கினால் என்று ரப்பர் வெட்டுகிறவர் விடியற்காலை நாலு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கணக்கு போட்டு அனுப்புவார். கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கணக்கு ரொம்பச் சுருங்கிவிட்டது. கிழவனுக்கு ஒரு சமனிலை போதும். தோற்றால் போச்சு. எங்கள் சிவப்புக்கு அன்று ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான்.

அதற்கு முந்தின நாள் அண்ணன் எழுதினான். கிழவன் விழுந்தால் நான் குரூப்பை விட்டுப் போவேன், இனி களியைப் பற்றி, எந்த மேட்சைப் பற்றியும், ஒருத்தரிடமும் மிண்டமாட்டேன். அவன் சொன்னால் செய்கிறவன். முற்றத்தைச் சவிட்டாதே என்று சொன்னவன் மூன்று வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்தானே. எனக்குப் பயம் வந்தது. அன்று ராத்திரி ஜெபத்தில், சபைக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டிய பிறகு, கிழவன் விழக்கூடாது என்றும் வேண்டினேன். சிவப்புக்காக நான் ஒருநாளும் இப்படி வேண்டியதில்லை.

வேண்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்க்கு அது வராது. வந்திருந்தால் கிணற்று வழியில் வேலியே வந்திருக்காது.

எனக்கு வேலை கல்யாணக் கார்டும் மரண அறிவிப்பும் டைப் செய்வது. எங்கள் ஊரில் பெரியவர்கள் தமிழ் படிப்பார்கள், பிள்ளைகள் மலையாளம் படிப்பார்கள், அதனால் இரண்டிலும் செய்ய வேண்டும். எதிர் கிளப் தோற்றால் ஆதராஞ்சலி என்று அஞ்சலி போஸ்டர் போடுவது இங்கே வழக்கம்தான். பிள்ளைகள் கோணல்மாணலாகச் செய்வார்கள். நான் தொழிலாகச் செய்கிறவள் இல்லையா, ஞாயிறு மத்தியானம் சோறு உண்டுவிட்டு அசலாகவே ஒன்று செய்தேன். கறுப்புக் கரை, போட்டோ இடத்தில் எரிகிற மெழுகுவர்த்தி. நெடுநாளாக நோய்வாய்ப்பட்டிருந்த எங்கள் அருமைக் கிழவன் நித்திரையடைந்தார். அடக்கம் இன்று இரவு எட்டரை மணிக்கு, இல்லத்தில். துக்கத்துடன் அறிவிப்பது என்று போட்டு அண்ணன் பெயர், வீட்டுப் பெயர். சிலுவைப் படம் மட்டும் வைக்கவில்லை. அதற்குத் துணிச்சல் வரவில்லை.

மேட்ச் எட்டரைக்கு. அதற்கு முன்னாலேயே அண்ணனைச் சூடாக்கலாம் என்று அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

கணவர் வந்து எழுப்பினார். "உனக்க அண்ணனுக்க மாமனார் போயாச்சாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே."

நான் பதறி எழுந்தேன். அண்ணனுடைய மாமனாருக்கு எண்பத்து மூன்று வயது. அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். அவர் எப்போது போனார், யார் சொன்னது என்று கேட்டேன். கணவர் போனை நீட்டினார். அதில் என்னுடைய கறுப்புக் கரை, என்னுடைய மெழுகுவர்த்தி.

சபைப் பெண்கள் குரூப்புக்கு மரண அறிவிப்பு போடுவது என் வேலை. யார் இறந்தாலும் என் கையால்தான் போகும். மரண அறிவிப்பைத் திறந்ததும் விரல் களி குரூப்புக்குப் போகாமல் வழக்கமான இடத்துக்கே போய் அனுப்பிவிட்டது. அழித்துப் பார்த்தேன். அதற்குள் அது அம்பூரி வரை போய்விட்டது, அங்கே சொந்தக்காரர்கள் ஜீப் பிடித்துப் புறப்பட்டாயிற்று. அண்ணனுக்குப் போன் போட்டேன், மூன்று வருடத்தில் முதல் தடவை. பிஸி. மறுபடி போட்டேன். பிஸி. ஊரே அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு, வேகமாகப் போங்கள் என்று டிரைவரின் உயிரை வாங்கினேன். மரண வீடா அக்கா என்று அவர் கேட்டார். இன்னும் வேகமாகப் போங்கள் என்றேன்.

போய் இறங்கியபோது வாசலில் ஸ்கூட்டர் வரிசையாக நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மரத்துக்கு மரம் டார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். சபை உபதேசியார் பாட்டுப் புத்தகத்தோடு நின்றார். சிட்டவுட்டுத் திண்ணையில், வெளுத்த வேட்டி கட்டி, கையில் பால் விடாத கட்டன் சாயாவோடு, இறந்துபோன மாமனார் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் யார் செத்தது என்று கேட்டார். எங்கள் சித்தி கேட்டிலேயே அழுகையைத் தொடங்கி, உள்ளே வந்து அவரைக் கண்டதும் நிறுத்தத் தெரியாமல் இன்னும் உரக்க அழுதாள். அவளுடைய மகன் பெரிய வெள்ளைப் பூ வளைய ரீத்து ஒன்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தான். நெடுநாளாக நோய்வாய்ப்பட்டிருந்த என்று வாய்விட்டு வாசித்தவன், கிழவன் என்கிற இடத்தில் நின்றான். எட்டரை மணி என்கிற இடத்தில் மறுபடி நின்றான். பிறகு தலையைத் தூக்கி நேராகக் கேட்டைப் பார்த்தான். நான் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தேன். உள்ளே கால் வைக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது.

இனி மறைத்துப் பயனில்லை. உள்ளே நடந்தேன். முற்றத்தின் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்க உரக்கச் சொன்னேன். "செத்தது ஆளில்ல. களி டீமாக்கும். அண்ணனுக்க டீம். அது இன்னும் சாகவும் இல்ல."

முதலில் சிரித்தது மாமனார்தான். எட்டரைக்கு இருட்டில் எவன் அடக்குவான் என்று தானும் யோசித்ததாகச் சொன்னார். அம்பூரியிலிருந்து வந்த அத்தை கோபத்தில் ஜீப்பைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் தள்ளப் பார்த்தார், அது கொள்ளவில்லை. மைனி உள்ளே போய் பெரிய பாத்திரத்தில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள்.

அண்ணன் என்னிடம் பேசவில்லை. மற்றவர்களிடம், வந்தது வந்தாயிற்று, அடக்கம் உண்டா இல்லையா என்று கண்டுவிட்டுப் போங்கள் என்றான். அப்படித்தான் ஒரு மரண வீட்டுக் கூட்டம் முழுவதும் கிழவனின் மேட்சைப் பார்க்க உட்கார்ந்தது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தது. அத்தையும் மரச்சீனி மணத்தில் ஜீப்பைவிட்டு இறங்கினாள். நான் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அண்ணன் டிவிக்கு நேர் முன்னால் தரையில்.

இருபதாவது நிமிடத்தில் கிழவன் ஒரு கோல் வாங்கினான். அண்ணன் அசையவில்லை. அவனுடைய பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. அதில் நரை ஏறியிருந்தது. குரூப்பில் அவன் எழுதுவதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனதில் வருவது பழைய கறுத்த தலைதான். அது எப்போது நரைத்ததோ, எனக்குத் தெரியாது.

இடைவேளைக்குப் பிறகு வீடு சூடு பிடித்தது. நீலம் நம்முடையது, வெள்ளை எதிரி என்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. வெள்ளை பந்தைத் தொட்டால் திட்டினாள். சித்தி ஆஃப்சைடு என்றால் என்னவென்று உபதேசியாரிடம் கேட்டாள். அவர் தெரிந்ததுபோல ஏதோ சொன்னார். எழுபது தாண்டியிருக்கும், வலது ஓரத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. கிழவனின் உயரமான ஆள் ஒருவன் தலையால் இடித்தான். வலை ஆடியது. நான் என் ஸ்டூலைத் தட்டிவிட்டு எழுந்து கத்தினேன். சிவப்புக்காரி, என் வாழ்நாளில் நீலத்துக்குக் கத்துவேன் என்று நினைத்ததில்லை. வீடே எழுந்து நின்றது. அண்ணன் திரும்பினான், கைக்கு எட்டிய தோளைப் பிடித்துக் குலுக்கினான். அது என் தோள். குலுக்கியபிறகுதான் யார் என்று பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான். ஆனால் மெதுவாகத்தான் எடுத்தான்.

சமனிலை. இப்படியே முடிந்தால் போதும். கடிகாரம் நகரவே இல்லை. தொண்ணூறு ஆயிற்று, கூடுதலாக ஐந்து நிமிடம் என்று பலகை காட்டினார்கள். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவது நிமிடத்தில் கிழவனின் பின்வரிசை ஆள் ஒருவன் கால் நீட்டினான், வெள்ளைச் சட்டைக்காரன் விழுந்தான், நடுவர் புள்ளியைக் காட்டினார். பெனால்டி. கோல்கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்தான். பந்து அவன் விரலில் பட்டது. பட்டும் உள்ளே போனது.

மாமனார் போச்சா என்று கேட்டார். போச்சு என்றான் அண்ணன்.

அவன் எழுந்து சித்தி மகன் கையிலிருந்த ரீத்தை வாங்கினான். டிவிக்குக் கீழே சாய்த்து வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பிறகு போனை எடுத்து எதையோ அழுத்தினான். என் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. குரூப்பைவிட்டு அவன் வெளியேறியதாக ஒரு வரி. ஆறு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வரியைப் பார்த்தேன். நாளைக் காலையில் இனி நான் யாரிடம் சண்டை போடுவேன்?

ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போகும்போது உண்மையாகவே அண்ணனின் கையைப் பிடித்து விசாரித்துவிட்டுப் போனார்கள். என் கணவர் பைக்கோடு வந்து கேட்டில் நின்றார். மைனியிடம் சொல்லிக்கொண்டேன். அண்ணனிடம் சொல்லத் துணிவில்லாமல் நடந்தேன். முற்றத்தில் பாதி தாண்டியிருப்பேன்.

"எட்டி."

நின்றேன். அண்ணன் சிட்டவுட்டு படியில் நின்று டார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தான்.

"குரூப்பில நான் இப்பம் இல்ல. கிழவனப் பத்தி வல்லதும் சொல்லணும்னா இனி நேர்ல வந்துதான் சொல்லணும்."

என் வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை. "கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்படி வாறது?"

முடிச்சு அவிழ்ந்து டார்ப்பாய் ஒரு பக்கம் சரிந்தது. அவன் அதைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"கூப்பிட்டதாக்கும் இது."