வார் இல்லாத துப்பாக்கி

அந்த வாரில் டீசல் வாடை அடித்தது. அரப்புப் போட்டு அலசி, வெயிலில் காயப்போட்டும் போகாத வாடை. பந்தல்குடியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த தன் தம்பியிடம் சொல்லி, உடைப்புக்குப் போன ஒரு வண்டியின் சீட் பெல்ட்டை அறுத்து வாங்கி வந்து, "அண்ணே, துப்பாக்கிக்கு இது ஆகுமா பாருங்க" என்று அப்பாவிடம் நீட்டியவர் பேச்சியம்மாள் அத்தை. எங்கள் மக்காச்சோளக் காட்டுக்கு அடுத்த காடு அவருடையது. அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

திருச்சுழிப் பக்கத்தில் கண்மாய்க்கரை ஊர் எங்களுடையது. தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியதால், அப்பாவுக்கு ஊரில் "துப்பாக்கிக்காரர்" என்று பெயர். டீக்கடையில் அவரைக் கண்டால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள், அவர் பன்றி சுட்ட கதைகளை வாய் பார்த்துக் கேட்பார்கள். நானும் அந்தக் கதைகளுக்குக் கைகால் வைத்துப் பள்ளிக்கூடத்தில் அளந்துகொண்டு திரிந்தேன்.

கண்மாய்க்குள் கருவேலங்காடு அடர்ந்து, அங்கிருந்து பன்றிகள் இறங்கி மக்காச்சோளத்தைச் சாய்க்கத் தொடங்கியபோது, ஊரே அப்பாவைத்தான் பார்த்தது. கொல்ல வேண்டாம், வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் போதும் என்று அத்தை வந்து கேட்டார். மாமா இறந்த பிறகு ஒற்றை ஆளாகப் பாடுபட்ட காடு, அந்த விளைச்சலை விட்டால் அவருக்கு வேறு வரும்படி கிடையாது. "நான் டிவிஎஸ்ஸப் பிடிக்கவா, துப்பாக்கியப் பிடிக்கவா தாயி? தோள்ல மாட்ட வார் இல்லையே" என்பார் அப்பா. கேட்கும்போதெல்லாம் இதே பதில்தான். அத்தை அதை நம்பினார், நம்பித்தான் வாரைக் கொண்டுவந்து நீட்டினார்.

இனித் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு சனிக்கிழமை துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, ஜிப் போன என் புத்தகப் பையோடு என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். அங்கே வண்டி சீட்டுக்கு உறை தைக்கிற பாய் ஒருவர், பைகளுக்கு ஜிப்பும் மாற்றித் தருவார். துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வார் மாட்ட இதில் வளையமே இல்லை, கட்டையில் துளை போட்டால் விரிசல் விட்டுவிடும் என்றார். அதனால் கட்டையின் அடிப்பக்கத்துக்குத் தோலில் ஓர் உறை தைத்து இறுக்கிவிடுவது, முன்பக்கம் இரண்டு குழலையும் சேர்த்துக் கவ்வுகிற மாதிரி ஒரு தோல் வளையம் போடுவது, இரண்டுக்கும் நடுவே வாரை இழுத்துத் தைப்பது என்று முடிவானது. அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: "குழல மடக்கிக் காட்டுங்கண்ணாச்சி. உள்ள ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டுத்தான் கை வைப்பேன்."

அப்பாவுக்கு அதை மடக்கத் தெரியவில்லை. எங்கெங்கோ அமுக்கினார், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார், மறுபடி அமுக்கினார். கடைசியில் பாயே தையல் மிஷின் எண்ணெயை ஊற்றி, முழங்காலில் வைத்து அழுத்த, கிறீச்சென்று திறந்தது. குழல் வழியாகத் தெரு வெளிச்சம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பாய் கம்பியை விட்டுக் குத்தியதும் மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது, மண்ணோடு காய்ந்த சிலந்திகளும் விழுந்தன. இரண்டு குழலிலும் குளவி கூடு கட்டியிருந்தது.

சீட்டுத் தைக்க வந்து காத்திருந்த ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். பாய் சிரிக்கவில்லை. காலால் மண்ணை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வெடிச்சுக்கிடிச்சுப் பாத்துராதீக, உள்ள ஒரே துரு. மூஞ்சில அடிச்சிரும்" என்று மெதுவாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன பன்றிகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. வேறு யாரோடோ வந்த பிள்ளை மாதிரி வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தைங்க பாய்" என்றார்.

வார் வெகு பொருத்தமாக அமைந்துவிட்டது. ஊரில் இறங்கியதும் அப்பா சாக்கை உருவிவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஸ்டாப்பிலேயே அத்தை காத்திருந்தார். வாரை இழுத்துப் பார்த்து முகம் மலர்ந்து, "இனிமே வந்துரலாம்லண்ணே?" என்றார்.

"தோட்டா பழசாப் போச்சு தாயி. மதுரைக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் பையின் புது ஜிப்பை இழுத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அன்று முதல் அத்தை எண்ணெய்த் தகரம் ஒன்றைத் தட்டிக்கொண்டு தானே காவலிருந்தார். அந்தச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். ஒரு நாள் டிவியை நிறுத்திவிட்டு எழுந்து, தையலைப் பிரித்து வாரைக் கழற்றி, "அத்தைகிட்டக் குடுத்துட்டு வந்துரு" என்று என்னிடம் தந்தார். மறுநாள் அந்தத் தகரம் அத்தையின் கழுத்தில் அந்த வாரில் தொங்கியது. அதற்குள் பாதிக் கதிர் போய்விட்டிருந்தது.

அப்பா இப்போது இல்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம். காடுகளைச் சுற்றி சோலார் வேலி வந்துவிட்டதால் தகரச் சத்தமும் நின்றுபோயிற்று. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, கண் மங்கிப்போன அத்தை என் கையைத் தடவி அடையாளம் கண்டு, பக்கத்திலிருந்த மருமகளிடம் சொன்னார்: "நம்ம துப்பாக்கிக்கார அண்ணன் மக. நம்ம காட்டுக்கு வரணும்னுதான் பாவம் அவுகளும் பாத்தாக. தோட்டாதான் கிடைக்கல."

அதில் துளிக் கேலி இல்லை. நம்பிச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. இழுத்து மூட ஒரு ஜிப்கூடக் கையில் இல்லாமல் அவர் முன்னால் நின்றேன்.