உயிருக்குக் கண்டம்

1. ஓடு வந்த வண்டி

ஆரம்பாக்கம் டிஸ்பென்சரிக்கு ஓடு ஏற்றிவந்த மாட்டுவண்டி ஒரு ஓட்டைக்கூட இறக்காமல் திரும்பிப் போனது. திருப்பி அனுப்பியது நான் எழுதிய ஒரு சொல். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று நடந்ததைச் சொல்கிறேன்.

சர்க்கார் கட்டடம், கிணறு, சின்னப் பாலம் எல்லாவற்றையும் பார்த்து, எதை எப்போது பழுது பார்க்கவேண்டும் என்று யோசனை சொல்ல ரிட்டயரான இன்ஜினியர் ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம் வரை அவரோடு சுற்றுவது என் வேலை. டேப் பிடிப்பேன். அவர் சொல்வதை ரிஜிஸ்டரில் எழுதுவேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை கோட்டை விட்டவன் என்றாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வாய்தான் சும்மா இருக்காது.

ஆரம்பாக்கம் டிஸ்பென்சரியில் பிரசவ அறை ஒழுகியது. மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இன்ஜினியர் ஐயா ஏணியில் ஏறி உத்தரத்தைச் சுத்தியலால் தட்டினார். “மரம் கெட்டி. ஓடுதான் போச்சு. ‘பழுது, ஓடு மாற்றவும்’னு எழுதிக்கோப்பா” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

அறையில் நின்றிருந்தவர் நர்ஸ் சாராள் அக்கா. அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, பழுதுன்னு மட்டும் எழுதாத. நாலு வருசமா வர்றவனெல்லாம் அத்தயேதான் எழுதிக்கினு போறான். புள்ள பெக்கறவ தலைக்கு மேல நான் கொடை புடிச்சிக்கினு நிக்கிறேன்.”

“முத்துக்கொடையா புடிங்கக்கா. பொறக்கறது மகாராஜாவா பொறக்கும்.”

“ஒதப்பேன். படிக்கிறவன் பயப்படற மாரி எழுதுடா.”

பயப்படும்படியான சொல் ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் தெரு ஜோசியர் அதைச் சொன்னால் பெரிய மனிதர்களுக்கே வியர்க்கும். ஐயா சொன்ன வரிக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினேன்: “பிரசவ அறை: உயிருக்குக் கண்டம்.”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஐயா மூக்குக்கண்ணாடியைத் தேடாமலே கையெழுத்துப் போட்டார்.

2. எந்தக் கண்டம்?

முதல் வரியில் ‘ஓடு மாற்றவும்’ என்று தெளிவாக இருந்ததைப் பார்த்த ஓவர்சியர் ஓடு அனுப்பினார். இரண்டாவது வரியைப் பார்த்த திருவள்ளூர் ஆபீஸ் கடிதம் அனுப்பியது. இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. “கண்டம் செய்யப்பட்ட கட்டடத்தில் பழுது வேலை எதுவும் செய்யலாகாது. பூட்டிச் சாவியை ஒப்படைக்கவும்.”

இடிக்கவேண்டிய கட்டடத்துக்கு ஆபீஸில் ‘கண்டம்’ என்று பேராம். இங்கிலீஷ் ‘கண்டெம்ன்ட்’ தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். ஆபீஸுக்கு ஓடினேன்.

“சார், அது அந்தக் கண்டம் இல்ல. ஜாதகத்துல வர்ற கண்டம்.”

ஹெட் கிளார்க் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “யோவ், இங்க வாங்கய்யா! கட்டடத்துக்கு ஜாதகம் பாத்துக்கினு ஒர்த்தன் வந்துகீறான்!”

அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். “ஒரு கோடு போட்டு அடிச்சிடுங்க சார். அங்க பிரசவம் நடக்குது.”

“கண்டம் பண்ணிட்டா பண்ணதுதான்யா. அத்த மாத்தணும்னா மறுபடி இன்ஸ்பெக்சன் வரணும். அத்துக்கு மேல கேக்கணும்.”

ஐயா என்னைத் திட்டவில்லை. “படிக்காம போட்டது என் கையெழுத்துப்பா” என்றார். மூன்று கடிதம் எழுதினார். மறு இன்ஸ்பெக்ஷன் அடுத்த வருஷம் என்று பதில் வந்தது.

3. பூட்டு

பிரசவ அறையைப் பூட்டிவிட்டு, சாராள் அக்காவைக் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனேன். அவர் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

“ஆரம்பாக்கத்துலேந்து ஒரு பொண்ண வண்டில இட்டாந்தாங்க. ரோடு பூரா தண்ணி. வர்ற வழியிலேயே பொறந்துட்சி.”

“கொழந்தை?”

“இல்ல.”

“அந்தப் பொண்ணு?”

“கீறா. எங்க என் புள்ளன்னு கேட்டுக்கினே கீறா.” துணியைப் பிழிந்தார். “அங்கியே இருந்திருந்தா நான் கொடை புடிச்சிக்கினாவது பாத்திருப்பேன் தம்பி. நாந்தான் பயப்படற மாரி எழுதச் சொன்னேன். உன்ன சொல்லி இன்னா?”

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரிஜிஸ்டர் எழுதப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சொல்லுக்கு நம் தெருவில் என்ன அர்த்தம் என்று பார்க்காதீர்கள். அதைப் படிக்கும் மேஜையில் அது என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்பதற்கு வெட்கமாக இருந்தால் பேனாவைத் தொடாதீர்கள்.

அடுத்த வருஷம் மறு இன்ஸ்பெக்ஷன் வந்தது. நான்தான் டேப் பிடித்தேன். ஐயா உத்தரத்தைத் தட்டினார், அதே மரம், அதே கெட்டி. “பழுது, ஓடு மாற்றவும்” என்றார். அதை மட்டும் எழுதினேன். பதினைந்தே நாளில் புது ஓடு போட்டார்கள். அதற்குள், பிரசவமே நடக்காத ஆரம்பாக்கத்துக்கு நர்ஸ் எதற்கு என்று அந்த வேலையையே ரத்து செய்துவிட்டிருந்தார்கள்.

இப்போது அந்த அறை ஒழுகுவதில்லை. யாரும் திறப்பதுமில்லை.