சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல்

நான் பேகம்பேட்டில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவள். எந்த இடத்தில் குவாரி வரலாம், எந்த இடத்தில் வரக்கூடாது என்று மாவட்டம் மாவட்டமாகப் படம் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. வரலாம் என்று யாரும் நேரடியாகப் போடுவதில்லை. கூடாத இடங்களை முதலில் போட வேண்டும். சரணாலயம் பச்சை, அதைச் சுற்றிய காப்பு வளையம் இளம்பச்சை, ஏரி நீலம், ஊர் மஞ்சள். எல்லாம் பூசி முடித்ததும் ஏதாவது வெள்ளையாகக் கிடக்கும். எங்கள் சார் அதற்கு "மிச்சம்" என்று பெயர் வைத்திருந்தார். குவாரி மிச்சத்தில் போய் உட்காரும். பல வருடம் இந்த வேலையைச் செய்தும் அந்த வெள்ளையில் யாராவது குடியிருப்பார்களா என்று எனக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை. தோன்றினால் சம்பளம் வாங்க முடியாது.

அப்பா ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். பட்டறைத் தரையில் மஞ்சள் கோடு போடுவதும், கோட்டைத் தாண்டி நிற்கிறவனைத் திட்டுவதும்தான் அவருடைய உத்தியோகம் என்று அம்மா கிண்டல் செய்வாள். ஆனால் அந்தக் கோட்டை ஜெனரல் மேனேஜரே தாண்ட மாட்டார் என்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. கோடு என்று ஒன்றைப் போட்டுவிட்டால் ஜனங்கள் மதிப்பார்கள் என்று கடைசிவரை நம்பினார். தொழிற்சாலை டவுன்ஷிப்பில் வாழ்ந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை வருவது சுலபம். அங்கே தண்ணீர் சர்க்குலர்படி வரும், பஸ் சர்க்குலர்படி வரும்.

ஓய்வு பெற்றதும் அவரும், அவரைப் போலவே திருச்சிப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வேலைக்கு வந்த நண்பர்கள் சிலரும் சேர்ந்து நகரத்துக்கு வெளியே, ஒரு சரணாலயக் காட்டை ஒட்டிப் பண்ணை நிலம் வாங்கினார்கள். ஆளுக்கொரு துண்டு, துண்டுக்கொரு சின்ன வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு காய்ந்த ஓடை, அதற்கப்பால் காடு. முன்னால் அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு பாறைக் குன்று. "காட்டுக்குப் பக்கத்துல எவனும் ஒண்ணும் கட்ட முடியாதும்மா. கவர்மென்டே நமக்குக் காவல்" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பஞ்சாயத்துக்காரர்கள் ஒருமுறை வந்து, வீடுகள் இருக்கின்றனவே, குடியிருப்பு என்று பதிவு செய்துவிடலாமா என்று கேட்டார்கள். நண்பர்கள் கூடிப் பேசினார்கள். காலனி என்று பெயர் வந்தால் பின்னாலேயே கடை வரும், தெருவிளக்கு வரும், சாராயக் கடையும் வரும். "நக்கோ", வேண்டவே வேண்டாம் என்று ஒரே குரலில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அமைதியைக் காப்பாற்றிவிட்டதாக அன்று எல்லோருக்கும் அம்மா கேசரி கிண்டினாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டின் எல்லைக்கல் ஒன்று புதரில் கிடந்தது. அப்பா புதரை வெட்டி, தை மாதம்தோறும் அதற்குச் சுண்ணாம்பு அடித்து வந்தார். வனத்துறைக்காரர்களுக்கே அப்படி ஒரு கல் இருப்பது தெரியுமோ என்னவோ. வீட்டுக்கு வெள்ளையடிக்காவிட்டாலும் அந்தக் கல்லுக்கு அடித்தாக வேண்டும்.

அந்தச் சரணாலயத்தைச் சுற்றிக் கல்குவாரிகளுக்கு இடம் குறிக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. வளையத்தைப் போட்டேன். மற்றப் பக்கங்களில் அது அகலமாகப் போனது. அப்பா வீட்டு மூலையில் மட்டும், முன்பே யாரோ பேசி முடித்தபடி, இடுப்புப் பிடித்த ரவிக்கை மாதிரி குறுகிவிட்டது. ஏரி போட்டேன், ஊர் போட்டேன். ஊர்ப் பட்டியலில் அப்பாவின் வீடுகள் இல்லை. பண்ணை நிலத்தில் மனிதர்கள் வசிப்பதாக எந்தக் கணக்கிலும் இல்லை. வீட்டிலிருந்து இத்தனை தூரம் தள்ளித்தான் வெடி வைக்கலாம் என்ற விதி, வீடே இல்லாத இடத்தில் யாரைக் காப்பாற்றும்? குன்று வெள்ளையாகக் கிடந்தது. கோடு அப்பாவின் வீட்டை உரசிக்கொண்டு போனது. தரையில் அது எங்கே விழும் என்பது நேரில் அளந்தால்தான் தெரியும்.

சாரிடம் போய், அங்கே வீடுகள் இருக்கின்றன, ஒன்றில் என் அப்பா அம்மா இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் நல்லவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, படத்தை என் பக்கம் திருப்பினார்.

"சூடண்டி, பாருங்க மேடம், வடக்கே தள்ளினா ஏரி. மேற்கே தள்ளினா தண்டா, அங்க லம்பாடிங்க குடிசை போட்டு இருக்காங்க, அவங்களுக்கும் ரிகார்டு லேது. எங்க தள்ளலாம், நீங்களே சொல்லுங்க."

அந்தத் தண்டாவில் தள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

"உங்க குடும்பம் அங்க இருக்குன்னா இந்த ஷீட்டை நீங்க தொடக்கூடாது மேடம். ரூல்" என்றார். அது சரியான விதிதான். மத்தியானமே அந்தப் படம் பக்கத்து மேசைக்குப் போய்விட்டது. ஒரு வார்த்தை பேசப் போய், இருந்த ஒரு பென்சிலும் கையைவிட்டுப் போனதுதான் மிச்சம்.

வரைவுப் படத்தைக் கலெக்டர் அலுவலகத்தில் ஒட்டிய பிறகு அப்பாவிடம் சொன்னேன். அவரும் நண்பர்களும் பஞ்சாயத்துக்கு ஓடினார்கள். எங்களைக் காலனி ஆக்குங்கள் என்று கேட்டார்கள். அங்கிருந்த குமாஸ்தா சிரித்துவிட்டாராம். நில அளவை முடிகிறவரை எந்தப் பதிவையும் மாற்ற முடியாது என்றும், வீடு தேடி வந்தபோது நக்கோ என்றவர்கள் நீங்கள்தானே என்றும் கேட்டிருக்கிறார். அப்பா அதை என்னிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு, "பரவாயில்லம்மா. சரியா அளந்தா நம்ம வீடும் குன்றும் வளையத்துக்கு உள்ளதான் வரும்" என்றார்.

அளக்க வந்த அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். சர்வேயர் தெலுங்குக்காரர், சின்ன வயது, வெயிலில் முகம் சிவந்திருந்தது. பழைய எல்லைக்கல் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த மர வரிசையைக் காட்டி, காடு இங்கேதான் ஆரம்பிக்கிறது, இதிலிருந்தே அளக்கலாம் என்று தன் ஆட்களிடம் சொன்னார்.

அந்த மரங்களிலிருந்து அளந்தால் வளையம் வீட்டைத் தாண்டி, குன்றையும் தாண்டிப் போகும். குன்று தப்பிவிடும். நான் படம் போடுகிறவள், எனக்கு அது ஒரு பார்வையில் தெரிந்தது. கடவுளே, இவர்கள் இப்படியே அளந்துவிட்டுப் போகட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அப்பா மோர் சொம்புடன் வெளியே வந்தார். "அது இல்ல தம்பி, காடு அங்க ஆரம்பிக்கல" என்று தெலுங்கில் ஆரம்பித்தார்.

"அப்பா, விடுங்க. அவங்க வேலையை அவங்க பார்க்கட்டும்" என்று தமிழில் சொல்லி அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"தப்பா அளந்தா நாளைக்குக் கோர்ட்டுல நிக்காதும்மா. சரியான கல்லு இருக்கப்ப என்னத்துக்குத் தப்பான மரம்?"

"அப்பா, ப்ளீஸ்."

"நீ சும்மா இரு. வாங்க தம்பி, நான் காட்டறேன்."

ஓடையில் இறங்கி ஏறி, புதரை விலக்கி, வெள்ளை வெளேர் என்று நின்ற கல்லைக் காட்டினார். சர்வேயருக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை நாளில் இப்படி ஒரு கல்லை நான் பார்த்ததே இல்லை சார், யார் சுண்ணாம்பு அடித்தது என்று கேட்டார். அப்பா நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தையும் பாசத்தையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

கல்லிலிருந்து அளந்தார்கள். வளையம் ஓடையைத் தாண்டியது, மரங்களைத் தாண்டியது, அப்பா வீட்டின் பின்சுவரில் வந்து நின்றது. சுவரில் சிவப்பு மையால் ஒரு குறி போட்டார்கள். கறிவேப்பிலைச் செடி காட்டோடு சேர்ந்தது. வீடும் குன்றும் வெளியே. சர்வேயர் மோர் குடித்துவிட்டு, அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் என்ன தப்பு?

அப்பா அந்தச் சிவப்புக் குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீ சொன்னப்ப விட்டிருக்கணுமோ?" என்று கேட்டார்.

ஆமாம் என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. "கல்லு அங்கதானேப்பா இருந்தது" என்றேன்.

குன்றில் குவாரி தொடங்கியதும் நண்பர்கள் ஒவ்வொருவராக மகன் வீடு, மகள் வீடு என்று நகரத்துக்கே திரும்பிவிட்டார்கள். தார்நாகாவில் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்பா வரவில்லை. அவர் வராமல் அம்மாவும் வரவில்லை. வெடிச் சத்தத்தில் அலமாரிப் பாத்திரங்கள் விழுகின்றன என்று எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்திருக்கிறாள். புழுதி படிகிறதென்று துவைத்த துணியை மறுபடி துவைக்கிறாள்.

இந்தத் தையில் நான் போனபோது அப்பா கொல்லையில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இன்னும் அந்தக் கல்லுக்கு என்ன வேண்டிக் கிடக்கு?" என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள்.

"கல்லு என்ன பண்ணுச்சு? அது சரியாத்தானே நின்னுச்சு" என்றார்.

இருமல் அவரை விடவில்லை. வாளியை நான் வாங்கிக்கொண்டேன். ஓடையைக் கடந்தோம். எங்களுக்குப் பின்னால் குன்றில் துளை போடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கல்லின் மேல் அங்கிருந்து பறந்து வந்த புழுதி சாம்பலாகப் படிந்திருந்தது. அப்பா அதைத் துண்டால் துடைத்துவிட்டு, நாலு பக்கமும் நிதானமாக வெள்ளையடித்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.