புஷ்பமலர் கேட்ட சின்னப் பிரெஸ்

போருக்குத் தப்பி வந்த புஷ்பமலர், ஆஹென் நகருக்குப் பக்கத்தில் ஒரு தையல் ஆலையில் பதினாறு வருடங்களாக வேலை உடுப்புகளுக்கு அமுக்குப் பொத்தான் அடிக்கிறாள். கைப்பிடியை இழுத்தால் பொத்தான் துணியில் உட்காரும். துணி மடிந்து கிடந்தால் கண்ணுக்கு முந்தி மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாலு பேர் கூடினால் வாய் திறக்கமாட்டாள்.

சனிக்கிழமைகளில் ஊர்த் துப்பாக்கி சுடும் கழகத்தின் மண்டபத்தைத் துடைக்கப் போனவள், ஒருநாள் கழகத்துப் பெரியவர் அல்பேர்ட் விளையாட்டாக நீட்டிய துப்பாக்கியால் இலக்கு அட்டையின் நடுவைத் துளைத்தாள். ஐந்து வருடத்தில் கழகத்துக்காகப் போட்டிக்கே போனாள்.

"வெடிச்சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனீங்கள்?" என்று பூசை முடிந்து கோயில் வாசலில் யாரோ சிரித்தபோது, கணவன் ஜேசுரட்ணம்தான் பதில் சொன்னான்:

"இஞ்சை சாகிறது கடதாசி மட்டும்தான்."

சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளை மறுபடி நிரப்பப் படித்து, சோதனை எழுதி, 2006 வசந்தத்தில் அவள் அனுமதிப் பத்திரமும் எடுத்துவிட்டாள். இனி வாங்க வேண்டியது கோதை அமுக்கித் தோட்டாவாக்கும் பிரெஸ். பிழையாகச் செய்த தோட்டா துப்பாக்கியையே பிளந்த படமொன்றை வகுப்பில் காட்டியிருந்தார்கள். அது அவளுக்கு மறக்கவில்லை. தன் கை நம்புகிற பிரெஸ்தான் வேண்டும்.

"இதுதான்," என்று கடையில் அல்பேர்ட் ஒரு பெரிய இயந்திரத்தைத் தட்டினார். ஒரு இழுவைக்கு நாலு வேலை நடந்து, ஒரு தோட்டா வந்து விழும். கடைக்காரி வெடிமருந்தில்லாத கோதுகளைப் போட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னாள். தட்டு சுழன்றது. நாலாவது கோது வாய் நசுங்கி விழுந்தது. புஷ்பமலரின் மணிக்கட்டுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"பழகினால் சரிவரும்," என்ற அல்பேர்ட், பெட்டியில் கட்டும்படி கடைக்காரிக்குக் கை காட்டினார்.

ஓரத்தில் ஒற்றைக் கைப்பிடியோடு ஒரு சின்னப் பிரெஸ் நின்றது. ஒரு இழுவைக்கு ஒரே ஒரு வேலை.

"இடியப்ப உரல் மாதிரிக் கிடக்கு," என்றான் ஜேசுரட்ணம். "பெரிசை எடும், மலர். அந்தாள் முப்பது வருசமாச் செய்யிறார்."

அவள் வாய் கோணிய இன்னொரு கோதைத் தேடி எடுத்து அந்தச் சின்னதில் வைத்து மெல்ல இழுத்தாள். பாதி வழியில் கை தானாக நின்றது. ஆலையில் துணி மடிந்தால் நிற்குமே, அப்படி.

கடைக்காரி பெரிய பெட்டிக்கு நாடா ஒட்டத் தொடங்கியிருந்தாள். புஷ்பமலரின் காதுகள் சூடாகின.

"நைன், வேண்டாம், அல்பேர்ட்." குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "எனக்குச் சின்னது."

"நூறு தோட்டாவுக்கு அரைநாள் போகுமே!"

"ஞாயிற்றுக்கிழமைகளில் கடையே திறப்பதில்லை. எனக்கு வேறென்ன வேலை?"

கடைக்காரி சிரித்துக்கொண்டே ஒட்டிய நாடாவைக் கிழித்தாள்.

காரில் திரும்பும்போது சின்னப் பெட்டி அவள் மடியில் இருந்தது.

"அந்தாளின்ரை முகத்தைப் பாத்தனீரே?" என்றான் ஜேசுரட்ணம்.

"பாத்தன்."

"இனி இடியப்பமும் இதிலைதானோ?"

"ஓம். நீங்கள் மாவைக் குழைச்சுத் தந்தால்."

சிக்னல் பச்சையானது தெரியாமல் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.