மேலே உருகும், கீழே உறையும்

அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். எதிரே லாரியே வந்தாலும் குரல் உயராது. "பிரேக்கு கண்ணு, பிரேக்கு" என்று தாலாட்டு மாதிரிச் சொல்வாள். அப்படிப்பட்ட பொறுமைசாலியை நீதிமன்றப் படியேற வைத்த பெருமை ஒரு ஃபிரிட்ஜையே சேரும்.

இரண்டு கதவு, வெள்ளி நிறம், முகப்பில் நீல விளக்கு. கம்ப்ரஸருக்குப் பத்து வருட உத்தரவாதம் என்று சொல்லும்போது கடைக்காரர் பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர் போலக் கண்கலங்கினார். வீட்டுக்கு வந்த மாதமே அது சுயரூபத்தைக் காட்டியது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் உருகிச் சொட்டியது. கீழே தக்காளி கல்லானது, முட்டை வெடித்தது.

கம்பெனி மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், வைத்தியர் மாதிரி காதை வைத்துக் கேட்டார்.

"சுவரை ஒட்டி வச்சிருக்கீங்க அக்கா. அதுக்கு மூச்சு முட்டுது."

நகர்த்திவைத்தாள். அடுத்த முறை, "கரண்ட் ஏறி இறங்குது" என்றார். ஸ்டெபிலைசர் வாங்கினாள். அதற்கும் அடுத்த முறை, "கதவை அடிக்கடி திறக்கறீங்க போல" என்று சலித்துக்கொண்டார். சுவர் சரியில்லை, கரண்ட் சரியில்லை, மனுஷர்கள் சரியில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் உத்தமம்.

அவள் கணவர் நூலகர். சத்தம் போடாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குபவர்.

"விடேன். நமக்கெதுக்கு வம்பு? அவங்க பெரிய கம்பெனி," என்றார்.

"பெரிய கம்பெனின்னா தக்காளியை உடைக்கச் சுத்தியலும் சேர்த்துக் குடுத்திருக்கலாம்ல?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் அவருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் மருந்து அந்தக் கீழ்த்தட்டில்தான் இருந்தது. ஒருநாள் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்தை எங்கே வைத்திருந்தார்கள் என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்: "உறைஞ்சு இளகின மருந்தைப் போட்டிருக்காரும்மா. அது வேலை செய்யாது."

அன்று மாலை கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணயர்ந்ததும் வெளியே வந்து கம்பெனிக்குப் போன் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஓர் இயந்திரம் நெடுநேரம் உருகியது. அப்புறம் ஒரு பெண் வந்தாள்.

"மருந்து வைக்கிறதுக்கு எங்க ஃபிரிட்ஜைப் பரிந்துரைக்கறதில்ல மேடம்."

"தக்காளி வைக்கிறதுக்குப் பரிந்துரைப்பீங்களா?"

"அழைத்ததற்கு நன்றி மேடம்."

அவளிடம் கார் பழகிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி வக்கீல். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாவிட்டாலும் சட்டம் தெரிந்தவள். "நுகர்வோர் நீதிமன்றத்துல நீங்களே பேசலாம் அக்கா. வக்கீலே வேண்டாம்" என்றாள். பிழைக்கத் தெரியாத வக்கீல்! பில், மெக்கானிக் வந்துபோன சீட்டுகள், கல்லான தக்காளியின் போட்டோ, டாக்டர் எழுதிக்கொடுத்தது எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னாள்.

வழக்கு மெதுவாக நகர்ந்தது. கம்பெனி வக்கீல் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கினார். ஒருவழியாக வாய் திறந்தபோது, "இவங்க சமையலறை ரொம்பச் சூடும்மா" என்றார்.

விசாரித்த அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். "குளிரான இடமா இருந்தா ஃபிரிட்ஜ் எதுக்கு வாங்கறாங்க?"

வக்கீல் அசரவில்லை. "கதவையும் அடிக்கடி திறந்திருக்காங்க."

பிரேக் அக்கா எழுந்தாள். அங்கேயும் குரல் உயரவில்லை. "திறக்கக் கூடாதுன்னா கதவு எதுக்கும்மா வச்சாங்க? மூணு தடவை வந்தும் சரிபண்ணல. என் வீட்டுக்காரர் செத்துப் பிழைச்சிருக்காரு. தப்பு எங்க மேலயாம்."

வாய்தாவுக்குக் காத்திருந்த கூட்டமே சிரித்தது, வீட்டுக்காரர் பேச்சு வரும்வரை.

ஃபிரிட்ஜின் முழு விலை, ஆஸ்பத்திரிச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு எல்லாம் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்வோம் என்று உறுமிய கம்பெனி, கெடு முடியும் நேரத்தில் சமர்த்தாகப் பணத்தைக் கட்டியது. ஃபிரிட்ஜைத் திரும்ப எடுத்துப்போக அதே மெக்கானிக் வந்தார்.

"நல்ல மாடல்தான் அக்கா. உங்க வீட்டு ராசி சரியில்ல."

"அப்ப உங்க வீட்டுக்கே கொண்டு போயிடுங்களேன்," என்றாள்.

அவர் அவசரமாக அதை வண்டியில் ஏற்றினார்.

இப்போது நூலகர் யாரைப் பார்த்தாலும், "நாங்க விடலையே! கேஸ் போட்டோம்ல!" என்கிறார், அதுவும் நூலகத்துக்குள்ளேயே, எல்லோர் காதிலும் விழும்படி. கேட்டவர்கள் தங்கள் வீட்டு ஓடாத வாஷிங் மெஷின், காற்று வராத ஏ.சி. கதைகளைச் சொல்லி யோசனை கேட்கிறார்கள். அவர் பெருந்தன்மையோடு மனைவியின் போன் நம்பரைக் கொடுத்து அனுப்புகிறார்.