திறக்கக் கூடாத ஜன்னல்

ஷார்ஜாவில் என் அறை ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வந்த புதிதில் சட்டத்தைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, கட்டடக் காவலாளியிடம் (இங்கே நாத்தூர் என்பார்கள்) அதை எப்படித் திறப்பது என்று கேட்டேன். நானோ உச்சி மாடிக்காரி. மனிதர் பதறிப்போனார். “சிஸ்டர், வீட்டில் ஏதும் பிரச்சினையா? அம்மா இருக்கிறார்களா?” என்றார். காற்றுக்காகத்தான் கேட்டேன் என்றேன். “வெளியே காற்று எங்கே இருக்கிறது? நெருப்புதான் இருக்கிறது” என்றார். காற்றுக்காகக் கேட்டேன் என்பதை அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்து, வாழ்க்கை நல்லது என்று சொல்லி அனுப்புகிறார்.

ஆனால் அந்த ஜன்னல் அதிசயம். வெளியே தார் உருகும் வெயிலிலும் உள்கண்ணாடி கைக்கு இதமாக இருக்கும். இரண்டு கண்ணாடி, நடுவே அடைபட்ட காற்று, வெயிலின் சூட்டைத் திருப்பியனுப்பும் கண்ணுக்குத் தெரியாத பூச்சு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள், பொறியியல் முடித்தவள் நான். இதைப் பார்த்ததும் ஆரணி வீடுதான் நினைவுக்கு வந்தது. போன கோடையில் அம்மா அங்கே மயங்கி விழுந்தார். ஏ.சி. வாங்கி வைத்தோம். எதிர்ச்சாரி ஓட்டு வீட்டுக்கு மேலாக மேற்கு வெயில் நேரே ஜன்னலுக்குள் இறங்க, ஏ.சி. முக்கியதே தவிர அறை குளிரவில்லை. விடுப்பில் போய் அதேபோல், ஆனால் தாழ்ப்பாளுடன், ஒரு ஜன்னல் போட்டேன். பகலில் திறக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

அந்த ஓட்டு வீடு மல்லிகா அத்தையுடையது. ஜன்னலோரம் ராட்டையில் பட்டு நூல் சுற்றுவது அவர் வேலை. எழுந்து வர முடியாது. அதனால் அம்மாவும் அவரும் சந்துக்கு இருபுறமும் ஜன்னல் வழியாகவே பேசி வாழ்ந்தவர்கள். எங்கள் சந்தில் பகலில் ஜன்னல் சாத்தியிருந்தால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் சாவு. எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை.

அம்மா போனில் அழுதார். “வூடு ஊட்டியாட்டம் ஜில்லுனு கீதுடி. ஆனா மல்லிகா மூஞ்சி குடுக்க மாட்றா. கண்ணாடிகிட்ட நின்னு எவ்ளோ சொன்னேன், கதவ அடிச்சி சாத்தினா.”

நான் அத்தையைக் கூப்பிட்டேன்.

“உங்கம்மா கண்ணாடிக்குப் பின்னால நின்னுகினு வாய வாய அசைக்கிறா. திட்றாளா, சாபம் வுடறாளா, ஒரு எழவும் கேக்கல.”

“திட்டல அத்தை. வெளிய இருக்கற சூடு உள்ள வரக்கூடாதுன்னுதான் சாத்தியிருக்கு.”

“நாங்க அந்த வெளியிலதான கீறோம்? ஏன், என் மூச்சும் சூடாமா?”

 சாயங்காலம் வெளியே ஆறிவிடும், அப்போது திறந்துவைப்பதுதான் வீட்டுக்கும் நல்லது என்றேன்.

“அதுவரைக்கும் நாங்க இன்னா பண்றது?”

“போன்ல பேசுங்க” என்றேன், கிண்டலாகத்தான்.

இப்போது அதுதான் நடக்கிறது. அம்மா கண்ணாடிக்கு உள்ளே, ஏ.சி.யில், காதில் போன். சந்துக்கு அந்தப் பக்கம் அத்தை, ராட்டை அருகே ஸ்பீக்கரில் போன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே, “எங்க கீற?” என்றுதான் ஆரம்பிக்கிறார்களாம். வெயில் சாய்ந்ததும் ஜன்னல் திறக்கிறது, குழம்புக் கிண்ணம் கை மாறுகிறது. இந்தக் கோடையில் அம்மா மயங்கவில்லை.

எனக்குத்தான் பேச வாய்ப்பில்லை. எப்போது அழைத்தாலும் அம்மா வேறொரு அழைப்பில் இருக்கிறார். மதிய இடைவேளையில் அறைக்கு வந்து, போனைக் காதில் வைத்தபடி என் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக் காத்திருக்கிறேன். காதுக்குள் ஆரணி, பிஸி. கீழே வெயிலில் நாத்தூர் அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் ஆட்டி ஏதோ கத்துகிறார். வாய் அசைவது மட்டும் தெரிகிறது. நானும் “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று கண்ணாடிக்குள்ளிருந்து கத்துகிறேன், தமிழில்.